எழுபத்து மூன்றாம் வரிசை

அந்தக் கால்பந்துக் கிளப் சொந்த மைதானத்தில் தோற்கும் ஒவ்வொரு முறையும் மைதானம் ஒரு படி கீழே இறங்கியது. விசில் ஊதிய ஒரு மணி நேரத்துக்குள் புல்தரை ஒரு முழம் தாழும். மேலே தெருமட்டத்தில், கிழக்குப் பக்கமாக, புதிதாக ஒரு சிமென்ட் இருக்கை வரிசை முளைத்திருக்கும். தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். ஆரம்பத்தில் அங்கே கயிறு கட்டிய சமவெளி மட்டுமே இருந்தது. முதல் தோல்விக்கு முதல் வரிசை வந்தது. ஒரு வருடம் பொறியாளர்கள் வந்து கடைசி வரிசையை இடித்துப் பார்த்தார்கள். திங்கட்கிழமைக்குள் அது திரும்ப வந்துவிட்டது. சமநிலைக்கு மைதானம் அசையவில்லை, வெற்றிக்கு மேலே ஏறவுமில்லை. நாற்பது வருடங்களில் அது நாட்டிலேயே பெரிய மைதானமாகிவிட்டது. அதைப் பற்றி யாரும் பெருமை பேசவில்லை.

கிழக்குத் தெருவின் வீடுகளை வரிசைகள் ஒவ்வொன்றாக விழுங்கின. எழுபத்திரண்டாம் வரிசை வந்தபோது மிச்சமிருந்தது சலவை அக்காவின் வீடு மட்டும்தான். வீரர்களின் சட்டைகளை இருபது வருடமாக அவள்தான் துவைத்தாள். அவள் கணவர் மைதானத்தின் கூரைக்குக் கம்பி பற்றவைத்தவர். அங்கிருந்தே விழுந்து, பதினோரு வருடமாகப் பின்னறைக் கட்டிலில் கிடந்தார். அந்த அறைச் சுவருக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. கிளப் செயலாளர் நல்ல மனிதர். வேறு தெருவில் அவர்களுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை மூன்று வாரத்தில் தயாராகிவிடும் என்று சொல்லியிருந்தார். சீசனில் பாக்கியிருந்தது ஒரே ஓர் ஆட்டம்.

கோல்கீப்பரைக் கொக்கு என்று கூப்பிடுவார்கள். சட்டை வாங்க வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"டிரா பண்ணாப் போதும்ல அக்கா?"

"போதும்பா. ஜெயிக்கச் சொல்லி உங்களைக் கேக்குற அளவுக்கு நான் பேராசைக்காரி இல்ல."

உள்ளேயிருந்து கணவர் சிரித்தது இருமலாக முடிந்தது.

ஆட்டத்துக்கு முதல் நாள், துவைக்கும் கூடையில் கொக்கின் கையுறைகளும் கிடந்தன. அவன் மறந்து போட்டிருக்க வேண்டும். எப்போதும் அவனே ஈரத்துணியால் துடைத்து வைத்துக்கொள்வான், பிறர் கைபட விடமாட்டான். சேறு அப்பியிருந்த கையுறைகளைப் பார்த்ததும் அவளுக்கு மனது இளகியது. நமக்காக ஆடப் போகிற பிள்ளை, சுத்தமாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று, சட்டைகளுக்குச் செய்வதுபோலவே கொதிக்கும் சலவைசோடாத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்கி, பகல் முழுக்க வெயிலில் உலர்த்தினாள். கசக்கும்போதெல்லாம் பிரார்த்தித்தாள். கடவுள் அதைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கையுறையின் உள்ளங்கை ரப்பருக்கும் ஒரு குணத்தை வைத்தவர் அவர்தானே.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்வரை கோல் விழவில்லை. கடைசி வரிசையில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆழத்தில் ஆட்டக்காரர்கள் விரல் உயரத்துக்குத் தெரிந்தார்கள். எதிரணிக்காரன் ஒருவன் அரைமனதாக ஒரு பந்தை உருட்டிவிட்டான். கொக்கு குனிந்து அள்ளினான். பந்து அவன் உள்ளங்கைகளில் வழுக்கி, கால்களுக்கிடையே நுழைந்து, கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. யாரும் கத்தவில்லை. இந்த மைதானத்தில் அதெல்லாம் பழகிப்போன விஷயம்.

விசில் ஊதியதும் அவன் எழுபத்திரண்டு படியும் ஏறி வந்தான்.

"பந்து ஈரமா இருந்துச்சு அக்கா. என் கைதான் சரியா பிடிக்கல."

மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் அவன் இடுப்பில் செருகியிருந்த கையுறையை எடுத்துத் தடவினாள். ரப்பர் கண்ணாடிபோல வழவழத்து, மடிப்புகளில் வெடித்திருந்தது. அவளுக்குப் புரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவனுக்கும் புரிந்தது.

"ஆமாப்பா, ஈரமாத்தான் இருந்திருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு இருவருமே வேறு யாரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த ஊரில் சொல்லப்பட்ட பொய்களில் அதைவிடச் சுத்தமானது இருந்ததாகத் தெரியவில்லை.

இருவரும் ஓடிக் கட்டிலைத் தூக்குவதற்குள் அறை நடுங்கியது. பின்சுவர் ஓசையில்லாமல் மடிந்து தரைக்குள் போனது. கட்டிலின் கால்கள் எழுபத்து மூன்றாம் வரிசையின் சிமென்டில் பல்லைப்போலப் பதிந்துவிட்டன. கணவர் எதுவும் ஆகாமல் கிடந்தார். பதினோரு வருடமாகச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர், கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்தார்.

"இவ்ளோ ஆழத்துலயா ஆடுறானுங்க, பாவம்" என்றார்.

தரைத்தள அறை சொன்ன தேதியில் தயாரானது. அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். கொக்கு தகரம் வாங்கிவந்து கட்டிலுக்கு மேலே கூரை போட்டான். அடுத்த சீசனில் மக்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவருக்குக் கண் எட்டாத மூலையில் நடப்பதை அடுத்திருந்தவர் சொன்னார். மழையில் யாராவது குடையைச் சாய்த்தார்கள். கிளப் ஒன்பது முறை தோற்றது. அவருக்குப் பின்னால் ஒன்பது வரிசைகள் வந்தன, அவள் துவைக்கும் தொட்டியும் போயிற்று. மறுகுளிர்காலத்தில், இரண்டு கோல் பின்தங்கியிருந்த ஓர் ஆட்டத்தின் பாதியில் அவர் இறந்துபோனார். பக்கத்தில் இருந்தவர்கள் தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலைப் பெயர்க்க முடியவில்லை. கால் வலிக்கிறவர்கள் இப்போதும் அதில் சற்று நேரம் படுத்துக்கொள்கிறார்கள். அதற்குச் சீட்டு கிடையாது.