ஓடுபாதைக் காற்று

சாம்பியன் ரீப்ஸ் நகராட்சி விமான நிலையத்தின் ஓடுபாதை ஆயிரத்து இருநூறு மீட்டர் நீளமும் இருபத்து மூன்று மீட்டர் அகலமும் கொண்டது. அந்த அளவுக்குள் நிற்கும் எவருக்கும் மூச்சுத் திணறுவதில்லை. ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் பழையபடி திணறும். இதை முதலில் கண்டவர் சாம்ராஜ். கோலார் தங்கச் சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் பாறை துளைத்தவர். கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டதால், ஆண்டர்சன்பேட்டை வீட்டிலிருந்து தெருக்குழாய்வரை போவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவார். அவருடைய மகள் வினோலியாதான் விமான நிலையத்தின் பொறுப்பாளர். ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தவர், மகள் ஓடுபாதையின் மறுகோடியில் ஆடுகளை விரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கூப்பிடக் குரல் எழும்பாததால் நடக்க ஆரம்பித்தார். எங்கும் உட்காராமல் கடைசிவரை போய் டப்பாவை நீட்டினார். "இன்னா டாடி, நடந்தா வந்தீங்க?" என்று வினோலியா கேட்ட பிறகுதான் அவரும் திரும்பி, தான் வந்த தூரத்தைப் பார்த்தார்.

விமான நிலையம் சுரங்கம் மூடிப் பதினேழாம் வருஷம் திறக்கப்பட்டது. ஒன்பது பேர் உட்காரும் விமானம் ஒன்று வாரத்துக்கு மூன்று நாள் பெங்களூருக்குப் போய் வந்தது. ஊரில் வேலைக்குப் போகிற எல்லோரிடமும் ரயில் சீசன் டிக்கெட் இருந்தது. விடியற்காலை ரயிலில் தூங்கிப் பழகியவர்கள் விமானத்தில் ஏற விரும்பவில்லை, ஏறினால் தூங்குவதற்குள் இறங்கவேண்டியிருந்தது. நான்கு மாதத்தில் விமானம் நின்றுபோனது. ஒரே அறை கொண்ட கட்டடமும், பெட்டி எடைபோடும் மிஷினும், காற்றுத்திசை காட்டும் துணிக்குழலும், ரேடியோவும், வினோலியாவும் மிஞ்சினார்கள். ஊர் அந்த இடத்தை வேறு காரியங்களுக்கு எடுத்துக்கொண்டது. காலையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் நடந்தார்கள், பெண்கள் ஸ்கூட்டர் பழகினார்கள், சபை வாலிபர்கள் ஈஸ்டர் திங்கட்கிழமை ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு வினோலியா ரேடியோவில் காற்றின் வேகத்தையும் திசையையும் யாருக்கென்று தெரியாமல் சொல்லிவிட்டு, பதிவேட்டில் "விமானம் இல்லை" என்று எழுதினாள்.

சாம்ராஜ் நடந்த செய்தி பரவியதும் அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சாம்ராஜின் ஷிப்டில் முப்பது வருஷத்துக்கு முன் கூட இருந்த பெருமாள் சொன்னதைத்தான் பெரும்பாலோர் ஏற்றார்கள்: ஓடுபாதைக்கு நேர் கீழே பழைய ஷாப்ட், சுரங்கக் குழி, போகிறது, நூறு வருஷமாக ராட்சச விசிறிகள் வைத்துக் கீழே தள்ளிய காற்று திரும்ப வரவில்லை, இப்போது வருகிறது. "நம்ம ஷிப்டு காத்துப்பா இது. அப்போ மூச்சு உடாம வேல செஞ்சம்ல, அது மிச்சம்" என்றார் அவர். சாம்ராஜும் பெருமாளும் உட்பட எட்டு பேர் பாயோடு வந்து ஓடுபாதையிலேயே தங்கிவிட்டார்கள். சாம்ராஜ் மட்டும் மனைவிக்குத் துணையாக ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுப்பார். ஓடுபாதையில் கம்பம் நடக்கூடாது என்பது விதி. அதனால் வினோலியா பெரிய குடைகளும் தார்ப்பாயும் வாங்கிக்கொடுத்தாள். மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் அவளுடைய அம்மா பாக்கியவதி கஞ்சியும் துவையலும் கொண்டுவருவாள். எட்டுப் பேரும் படுத்துக்கொண்டே சத்தமாகப் பேசினார்கள், சிரித்தார்கள், ஒருவர் பாட்டுக்கூடப் பாடினார். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் குரல்கள் மறந்தே போயிருந்தன.

மறுவருஷம் மார்ச்சில் நிலம் அளக்கிற சிறிய விமானம் ஒன்று முன்னறிவித்து வந்து இறங்கியது. எட்டுப் பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்கள், வேடிக்கை பார்த்தார்கள். அரைமணி நேரத்தில் அது கிளம்பிப் போனபோது ஓடுபாதைக் காற்றும் அதோடு எழும்பிப் போய்விட்டது. புல் ஒருபக்கமாகப் படுத்து நிமிர்ந்ததை வினோலியா ஜன்னல் வழியே கண்டாள். காற்று திரும்பி ஊற ஒன்பது நாள் ஆனது, அதுவரை கோலாரிலிருந்து வந்த ஆக்சிஜன் சிலிண்டர்களில் மூச்சுவிட்டார்கள். ஏழாம் நாள் எட்டுப் பேரில் ஒருவரான மரியகுழந்தை ஆஸ்பத்திரியில் இறந்தார். அடக்கம் முடிந்த வாரமே வினோலியா நகராட்சிக்குக் கடிதம் எழுதினாள். கவுன்சிலில் பேசி, இனி இங்கே விமானம் இறங்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நகலைக் கொண்டுவந்து அவள் ஓடுபாதையில் நின்று படித்துக்காட்டினாள். சாம்ராஜ் கேட்டுவிட்டு, "உசுரு காப்பாத்தறதுக்குன்னா எறங்கலாம்னு ஒரு வரி போடச் சொல்லும்மா. ஏர்போட்டுன்னு எதுக்குக் கட்னாங்க?" என்றார். மற்ற ஆறு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வரி சேர்க்கப்பட்டது. அதன்பின் இரண்டு வருஷத்துக்கு ஒரு விமானமும் வரவில்லை.

மூன்றாம் வருஷம் நவம்பரில் பதினோரு நாள் விடாமல் மழை பெய்தது. பன்னிரண்டாம் நாள் காலை வெயில் அடித்தபோது கோலார் போகும் சாலையில் ஏரி உடைந்து பாலம் போயிருந்தது. பங்காருபேட்டைப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. அன்றைக்குப் பத்து மணிக்கு உள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டர் வினோலியாவுக்குப் போன் செய்தார். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடனே பெரிய ஆபரேஷன் வேண்டும், அவளுடைய வகை ரத்தம் பெங்களூரில்தான் இருக்கிறது, விமானம் ஒன்று தயாராக நிற்கிறது, ஓடுபாதை கிடைக்குமா என்று கேட்டார். பேர் மமதா என்றார். பெருமாளின் மகன் விநாயக்கின் மனைவி. விநாயக் முந்தின நாள் வேலைக்குப் போய் பெங்களூரிலேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

வினோலியா கட்டடத்தை விட்டு இறங்கி வந்தாள். ஏழு பேரும் குடைகளை விரித்துப் பாய்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பெருமாளுக்கு யாரோ முன்பே போன் செய்துவிட்டார்கள். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, ப்ளேன் வருதா?" என்றார் சாம்ராஜ்.

"கேக்கறாங்க டாடி. நான் இன்னும் சொல்லல."

"யாருக்கு?"

அவள் பெருமாளைப் பார்த்தாள். சாம்ராஜும் பார்த்தார். "பெருமாளு, உன் மருமவளா? கம்முனு கீறியே, ஏன்?"

"எப்பிடிக் கேப்பேன் சாமு? ஏழு பேரு காத்து அது" என்றார் பெருமாள், தலையைத் தூக்காமல்.

"மேல ஏத்தற கேஜ்ல எடம் இல்லன்னு எவனையாவது கீழ உட்டுட்டு மேல வந்தமா நாம? எந்திரி."

ஒருவர் தன் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் சுருட்டினார்கள். வினோலியா மட்டும் நகராமல் நின்றாள். "இப்போ ரோடு இல்ல டாடி. கோலார்லேருந்து சிலிண்டர் வராது. போன தடவ ஒம்பது நாளு ஆச்சு" என்றாள். சாம்ராஜ் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒம்பது நாளு இல்லம்மா. போய் ரேடியோல சொல்லு" என்றார்.

அவள் போய்ச் சொன்னாள். காற்று தென்கிழக்கிலிருந்து எட்டு நாட் வேகத்தில், ஓடுபாதை காலியாக இருக்கிறது, இறங்கலாம். கூடவே ஆறு ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டாள். படுக்கை வைக்க இடம் வேண்டுமென்று நான்குதான் ஏற்றிவந்தார்கள். விமானம் பதினொன்று ஐம்பதுக்கு இறங்கியது. ஏழு பேரும் ஓடுபாதையின் ஒரு கோடியில் வெள்ளைக் கோட்டுக்கு உள்பக்கமாக, கடைசி நிமிஷம்வரை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார்கள். ஆம்புலன்ஸ் நேராக ஓடுபாதைக்கு வந்தது. படுக்கையில் மமதாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மாமனாரைக் கடக்கும்போது கண்ணைத் திறந்து, "மாமா, நீங்க கோட்டத் தாண்டாதீங்க" என்றாள். காற்று போகப்போவது தெரிந்துதான் சொன்னாளா என்று பின்னால் யாரும் அவளிடம் கேட்கவில்லை. பன்னிரண்டு பத்துக்கு விமானம் எழும்பியது. புல் படுத்தது, ஏழு குடைகளும் ஒரே பக்கம் உருண்டன. அந்த நேரத்துக்குக் கஞ்சித் தூக்கோடு வாசலில் வந்து நின்ற பாக்கியவதி, கணவர் கோட்டுக்கு உள்ளே நின்ற இடத்திலேயே மண்டிபோடுவதைக் கண்டாள்.

நான்கு சிலிண்டரை ஏழு பேர் முறைவைத்து இழுத்தார்கள். மூன்றாம் நாள் மதியம் அவை தீர்ந்தன, ஆஸ்பத்திரியிலும் மிச்சம் இல்லை, மறுபடி விமானம் இறங்கினால் ஊறத் தொடங்கிய காற்றும் போய்விடும். சாலை ஐந்தாம் நாள்தான் திறந்தது. இடையில் நான்கு பேர் இறந்தார்கள். சாம்ராஜ் நான்காம் நாள் காலை பத்தரைக்கு, ஒன்பது மணி ரேடியோவை முடித்துவிட்டு வந்த மகளின் மடியில் இறந்தார். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வினோலியா, "நாந்தான் டாடி எறங்கலாம்னு சொன்னேன்" என்று அழுதாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு அவர் பதில் சொன்னார்: "நல்லா... எறங்குச்சும்மா. ஆடு ஏறாம... பாத்துக்கோ." நான்கு பேரையும் ஒரே வாரத்தில் அடக்கம் செய்தார்கள், ஒருவரைச் சுடுகாட்டுக்கும் மூவரைக் கல்லறைக்கும் கொண்டுபோனார்கள். பதினோராம் நாள் ஓடுபாதையில் காற்று ஊறியது. மீதி மூன்று பேர் பாயோடு திரும்பினார்கள். பெருமாளும் உயிரோடு இருந்தார், ஆனால் கோட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்து திணறினார். மற்ற இருவரும் அவரைத் திட்டி, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

மமதா பிழைத்தாள். பெண் குழந்தை. இருபத்தாறு நாள் கழித்து, தண்டவாளம் சரியானதும், ரயிலில் வந்து இறங்கினாள். மறுநாளே அவளும் பெருமாளும் குழந்தையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஆண்டர்சன்பேட்டைக்குப் போனார்கள். பாக்கியவதி கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், காபி போட்டுக் கொடுத்தாள். குழந்தையை மட்டும் பார்க்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு பால் விலை ஏறியதைப் பற்றிப் பேசினாள். மமதாவும் ஆமாம் என்றாள். அதற்குள் குழந்தை தூங்கிப்போனது, தூக்கத்தில் சத்தமாக மூச்சுவிட ஆரம்பித்தது. மூன்று சின்ன விசில், ஒரு நீளமான நிறுத்தம், அப்புறம் தகரத்தை இழுத்தது போல ஒரு பெருமூச்சு. பெங்களூர் டாக்டர்கள் இதற்காக இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது, மூச்சு மட்டும் இப்படி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாக்கியவதி ஜன்னலிலிருந்து திரும்பினாள். கணவர் போனதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. இருபது வருஷம் பக்கத்துப் பாயில் அவருடைய இதே சத்தம் நிற்காமல் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத் தூங்கியவள், இப்போது வீட்டின் அமைதியில் விடியும்வரை விழித்துக் கிடந்தாள். அதை அவள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"புள்ளைய இப்பிடிக் குடு" என்றாள்.

மமதா கொடுத்தாள். பாக்கியவதி குழந்தையை மார்போடு சேர்த்துக் காதைத் தாழ்த்தி வெகுநேரம் கேட்டாள். பெருமாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அழாதண்ணா, முழிச்சிக்கப் போது" என்றாள் பாக்கியவதி.

இப்போது குழந்தைக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. தினமும் மதியம் இரண்டு மணிக்கு மமதா அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, நான்கு மணிக்கு வந்து எடுத்துப்போகிறாள். தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. பெருமாள் பேத்தி சாம்ராஜ் மூச்சில் தூங்குகிறாள் என்று மட்டும் சொல்வார்கள். ஓடுபாதையில் புதிதாக ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். போன ஆகஸ்டில் பாம்பு கடித்த ஒருவனுக்காக விமானம் வந்தபோது, வினோலியா கட்டடத்தை விட்டு இறங்குவதற்கு முன்பே எட்டுப் பேரும் பாயைச் சுருட்டிவிட்டார்கள். அந்தத் தடவை சாலை இருந்தது, சிலிண்டர்கள் வந்தன, எல்லோரும் பிழைத்தார்கள். வேலை இல்லாத மதியங்களில் வினோலியா சாப்பிட வீட்டுக்கு வருவாள். உள்ளே பாயில் அம்மா வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்குவாள், பக்கத்தில் குழந்தை. வினோலியா வாசற்படியில் நின்று இரண்டு மூச்சையும் கேட்பாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலேயே, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவாள்.