மூன்று பேர் ஆழம்

ஜிஜோவும் பின்சியும் சேர்ந்து ஏறினால் அவர்களுடைய வள்ளம் மூன்று பேர் ஏறியதுபோல் தாழ்ந்தது. குட்டநாட்டுக்காரர்களுக்கு எடை பார்க்கத் தராசு வேண்டாம். நெல்லோ மணலோ ஆளோ, தண்ணீருக்கு மேல் தெரியும் மரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கல்யாணம் முடிந்து இருவரும் புளிங்குன்னுக்கு வந்து இறங்கிய அன்றே கரையில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். குழந்தை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது, இறங்க வேண்டியதுதான் பாக்கி என்று பேசி முடித்து, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வருஷங்கள் போயின. மேய்க்கும் தாரா வாத்துக் கூட்டத்தோடு ஜிஜோ வயல் வயலாகத் திரிந்தான். "மோளே, உள்ள இருக்கற ஆளு வாடகையாவது குடுக்கறானா?" என்று மீன்காரி சரசம்மா படகை நிறுத்திக் கேட்பாள். பின்சி சிரிப்பாள், வீட்டுக்குள் போய் அழுவாள். தங்கையைக் கூட்டிக்கொண்டு கோட்டயம் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், குழாயில் அடைப்பு உண்டா என்று மருந்து ஏற்றிப் படம் பிடித்தார்கள். ஒரு குறையும் இல்லை, புருஷனைக் கூட்டி வா என்றார் டாக்டரம்மா.

"எனக்கென்னத்துக்கு டெஸ்ட்டு? பிள்ளை வள்ளத்துல இருக்கறத ஊரே பாத்துடுச்சு. ஒனக்குத்தான் எறக்கத் தெரியல" என்றான் ஜிஜோ.

பின்சி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இச்சாயா, நான் தனியா போனா வள்ளம் லேசாத்தான் மிதக்குது. நீங்க தனியா போனாலும் அப்படித்தான். ரெண்டு பேரும் ஏறினாத்தான தாழுது? அப்ப டெஸ்ட்டும் ரெண்டு பேருக்குத்தான்."

ஜிஜோ மறுநாள் தனியாகத் துடுப்புப் போட்டுப் பார்த்தான். கூட்டாளி பேபிச்சனை ஏற்றிப் பார்த்தான். இரண்டு பேர் ஆழம்தான், அதற்கு மேல் ஒரு விரல்கூட இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கோட்டயத்துக்குக் கிளம்பினான். கையில் கொடுத்த டப்பாவோடு தலைகுனிந்து நின்றவனிடம், "சேட்டா, தாரா முட்டைய வெளிச்சத்துல காட்டிப் பாப்பீங்கல்ல? இதுவும் அதேதான், போங்க" என்றாள் நர்ஸ்.

அவனுடைய அணுக்கள் குறைவு, இருப்பவையும் சோம்பல். ஒன்றைப் பொறுக்கி முட்டைக்குள் செலுத்தி, கருவாக்கிக் கருப்பையில் வைக்கலாம், வேறொருவரிடம் தானமாக வாங்கலாம், தத்தெடுக்கலாம், இப்படியே இருந்துவிடவும் செய்யலாம் என்றார் டாக்டரம்மா. திரும்பும்போது பாதி ஆற்றில் ஜிஜோ துடுப்பை நிறுத்தினான்.

"வேற ஆளோடதுன்னா ஒனக்குப் பரவால்லியா?"

"மொதல்ல ஒங்களோடத வச்சுப் பாப்போம். ரெண்டு தடவ. அப்புறம் தத்து. வந்து ஏறுறது யாரா இருந்தா என்ன, நம்ம வள்ளந்தான?"

முதல் தடவை தங்கவில்லை. படகுத்துறையில் கட்டியிருந்த வள்ளத்தைப் பார்க்கவே பின்சிக்குப் பயமாக இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஜிஜோ ஏறினான். வள்ளம் மூன்று பேர் ஆழத்துக்குத் தாழ்ந்து நின்றது. "இருக்கு" என்று மட்டும் சொல்லித் துடுப்பை எடுத்தான்.

அடுத்த தடவைக்கு முன்னால் ஜிஜோ, ஆசாரி விஜயப்பனை வரவழைத்து, வள்ளத்தின் இருபக்கமும் பலகை வைத்து உயர்த்தச் சொன்னான்.

"எத்தன பேருக்குடா வைக்கணும்? மூணா?"

"நாலுன்னு வையி சேட்டா. இந்தத் தடவ ரெண்டு கரு வைக்கப்போறாங்களாம்."

ஆசாரி தலையாட்டிவிட்டு, பென்சில் கோட்டை இரண்டு விரல் மேலே தள்ளிப் போட்டு, ஆஞ்ஞிலிப் பலகையை அறுக்கத் தொடங்கினார்.