மாப்பிள்ளைக்கு ஒரு மெடிக்கல் சீட்

மிக்கேலம்மாளைக் கோபக்காரி என்று ஊரில் யாரும் சொன்னது கிடையாது. நாத்தனார் ராஜமேரி முகத்துக்கு நேராகக் குத்திப் பேசினால்கூடக் குழம்பைக் கிளறிக்கொண்டே நிற்பாள். அப்படிப்பட்டவளைப் பார்த்து ஜனங்கள் பேச்சை அடக்கிக்கொள்ளும்படி ஆனது எண்பத்தாறாம் வருஷத்தில், அவள் மகள் ஞானமேரி பிளஸ் டூ முடித்த பிறகு.

ஞானமேரி ஒரே பிள்ளை. தர்மபுரியில் சிஸ்டர்கள் நடத்தின ஹாஸ்டலில் தங்கி, தமிழ் மீடியத்தில் படித்து, பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தாள். முன்பு போல மார்க்கு மட்டும் பார்த்திருந்தால் டாக்டர் படிப்பு கிடைத்திருக்கும். ஆனால் நுழைவுத் தேர்வு என்று ஒன்றைக் கொண்டுவந்து ரெண்டு மூன்று வருஷமாகியிருந்தது. கேள்விக்குக் கீழே நாலு விடை கொடுத்திருப்பார்கள், சரியானதைக் குறிக்க வேண்டும். பக்கம் பக்கமாக எழுதியே பழகினவள் அப்படி ஒரு கேள்வித்தாளைச் சேலத்தில் பரீட்சை ஹாலில்தான் முதல்முதலாகப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த டவுன் பெண் கோச்சிங் போனவள். மடமடவென்று குறித்துக்கொண்டே போனாள். இவள் ஒவ்வொரு கேள்விக்கும் முழு விடையை மனசுக்குள் எழுதிப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் பேப்பரைப் பிடுங்கிவிட்டார்கள்.

சீட் மயிரிழையில் கைநழுவிப் போனது.

"சேலத்துல ஒரு வருசம் கோச்சிங் போயிட்டு மறுபடி எழுதறேம்ப்பா" என்று ஞானமேரி கேட்டாள்.

அவள் அப்பா சின்னப்பராஜ் பொம்மிடியில் உரக்கடை வைத்திருந்தார். கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவர். கோவிலுக்கு வெள்ளையடிப்பதென்றால் முதலில் பணம் கொடுப்பவர். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "பொட்டப்புள்ளைக்கு ஒரு தடவ எழுதினது போதும். வூட்டுல அம்மாவுக்கு ஒத்தாசையா இரு."

அன்றைக்கும் மிக்கேலம்மாள் குழம்பைக் கிளறிக்கொண்டுதான் நின்றாள்.

மழை பிடித்த சமயத்தில் ஒரு நாள் அவரே பேச்சை எடுத்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "கர்நாடகாவுல பிரைவேட்டு மெடிக்கல் காலேஜ் இருக்குதாம். டொனேசன் கட்டினா பரீட்சை கிரீட்சை ஒண்ணும் கேக்கறதில்ல. ஏஜெண்ட் ஒருத்தன்கிட்ட பேசியிருக்கேன்" என்றார். "அரூர்ல உங்கப்பன் உனக்கு எழுதிவெச்ச நெலம் இருக்குதே, அதைக் குடுத்துட்டா முடிஞ்சிரும். எல்லாம் பாப்பா நல்லா இருக்கத்தானே?"

அந்த நிலம் கிணறோடு கூடின மரவள்ளிக்காடு. மிக்கேலம்மாளின் அப்பா சவுரியப்பன் சாகும் முன்பு மகன்களோடு சண்டை போட்டு மகள் பேருக்கு எழுதினது. புகுந்த வீட்டில் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வித்துருங்க" என்றாள்.

ஞானமேரிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "காசு குடுத்தா சேரணும்? நல்லாவா இருக்கும்மா?" என்று கேட்டாள்.

"உன் மார்க்குக்கு என்ன கொறச்சல்? உள்ள போற வழிதான் காசு. படிக்கப்போறது உன் மூளைதானே?" என்று சொல்லி மகள் வாயை அடைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். சந்தையில் மகளுக்கு ஒரு தகரப் பெட்டிகூட விலை கேட்டுவிட்டு வந்தாள்.

பத்திரம் பதிகிற அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறி அரூருக்குப் போனார்கள். நிலத்தை வாங்குகிற முனிராஜ் பக்கத்துக் காட்டுக்காரர். முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தார். பத்திரம் எழுதுகிறவரின் கொட்டகைக்குள் நுழைந்தபோது பெஞ்சில் ராஜமேரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகன் சவரிராயன், புது பேண்ட் சட்டையில்.

இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று மிக்கேலம்மாளுக்குப் புரியவில்லை. ராஜமேரி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜமேரி அவள் கையைப் பிடித்தது அதுவே முதல் தடவை.

"மிக்கேலு, உன் மனசு யாருக்கும் வராது. என் மவன் டாக்டராயிட்டு வந்ததும் முதல் வேலையா உன் மவ கழுத்துல தாலி கட்டுவான். நான் வாக்குக் குடுக்கறேன்."

மிக்கேலம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் பத்திரம் எழுதுகிறவரிடம் ஏதோ கேட்பது போலத் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க, சீட்டு யாருக்கு?"

"வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

"யாருக்குங்க?"

சின்னப்பராஜ் குரலைத் தாழ்த்தினார். "இத பாரு, கணக்கா யோசிக்கணும். பாப்பாவ டாக்டராக்கினா அப்புறம் அவளுக்கு டாக்டர் மாப்பிள்ளை தேடணும், அதுக்கு இன்னொரு செலவு. மாப்பிள்ளைய டாக்டராக்கிட்டா ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிருது. சவரி யாரு, என் அக்கா மவன். காசு வெளிய போவலியே."

சவரிராயன் கெமிஸ்ட்ரியில் ஒரு தடவை விழுந்து, மறுபடி எழுதி ஒருவழியாகத் தேறினவன். அந்தக் கெமிஸ்ட்ரியையே லீவில் வந்தபோதெல்லாம் ஞானமேரிதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நுழைவுத் தேர்வுக்கு அவன் மனுப் போடவே இல்லை. அவன் பெஞ்சில் உட்கார்ந்தபடி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

மிக்கேலம்மாளுக்குப் புருஷன் ஏமாற்றியது ஒரு பக்கம். ஏமாற்றுவதற்கு அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, பாப்பா நல்லா இருக்க என்றுதான் சொன்னார். அதை இவளாக மகளுக்குச் சீட் என்று எடுத்துக்கொண்டாள். பெண் நல்லா இருப்பது என்றால் இந்த மனுஷனுக்கு அர்த்தமே வேறு என்பது பதினெட்டு வருஷம் சோறு போட்டும் தெரியாமல் போயிற்றே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பதிவு ஆபீசில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துச் சின்னப்பராஜ் பின்னால் போனார்.

பதிவாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "நிலத்தை விக்கறதுக்கு உங்களுக்கு முழுச் சம்மதம்தானேம்மா?"

"இல்லைங்க."

மை தடவக் கட்டைவிரலைப் பிடிக்க வந்த ஆள் அப்படியே நின்றுவிட்டான். பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"எனக்குச் சம்மதம் இல்லைங்க. இது எங்கப்பன் எனக்குக் குடுத்தது. என் மவ படிக்கறதுக்குன்னு நெனச்சு வந்தேன். வேற யாரோ படிக்கறதுக்கு நான் விக்கமாட்டேன்."

சின்னப்பராஜ் அவள் தோளைப் பிடித்து அழுத்தினார். "கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு? கையெழுத்துப் போடு."

"ஐயா, தோளை விடுங்க. இது ஆபீசு" என்றார் பதிவாளர். பத்திரத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் ராஜமேரி மண்ணை வாரித் தூற்றாத குறைதான். "என் புள்ள வாழ்வுல மண்ணள்ளிப் போட்டவளே, உன் மவளுக்கு எவன் வரான்னு பாக்கறேன்" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். மிக்கேலம்மாள் ஒரே ஒரு தடவைதான் நின்று திரும்பினாள்.

"அண்ணி, உங்க மவன் படிக்கணும்னா உங்க நெலத்தை வில்லுங்க. என் மவளை வெலைக்குச் சேத்து வாங்காதீங்க."

முன்பணம் ஏஜெண்ட் கைக்குப் போய்விட்டிருந்தது. கேட்டால், கட்டினது கட்டினதுதான் என்றான் அவன். முனிராஜ் நியாயமான மனுஷன். நேராக மிக்கேலம்மாளிடமே வந்து, "எனக்கு ஒரு வழி சொல்லுங்கக்கா" என்றார். அவள் காட்டை அவருக்குப் போக்கியத்துக்கு விட்டாள். பணத்துக்கு வட்டி கிடையாது, திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் அவர் மரவள்ளி போட்டுக்கொள்ளலாம். முன்பணம் போக மேற்கொண்டு அவர் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் ஞானமேரியைச் சேலத்தில் கோச்சிங் சேர்த்தாள். தங்க இடம் தேடி மூன்று கான்வெண்ட் ஏறி இறங்கினாள்.

அந்த வருஷம் வீடு வீடாக இல்லை. சின்னப்பராஜ் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்க மட்டும் வந்தார். பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பி, குடும்பத்தில் சமாதானம் வேண்டும் என்றார். "அவருகிட்டயும் சொல்லுங்க சாமி. என்னைய மட்டும் கூப்பிட்டா எப்படி?" என்று கேட்டுவிட்டு வந்தாள். சவரிராயனுக்கு ரெண்டே மாதத்தில் கிருஷ்ணகிரியில் வேறொரு மாமனார் கிடைத்தார். அவனுக்குச் சீட்டும் கிடைத்தது. அந்தப் பெண் என்ன படித்திருந்தாளோ, என்ன மார்க்கு வாங்கியிருந்தாளோ, யாரும் கேட்கவில்லை. அதை நினைத்தும் மிக்கேலம்மாளுக்கு எரிச்சல் வந்தது.

அடுத்த வருஷம் ஞானமேரிக்கு மதுரையில் அரசாங்கக் காலேஜில் இடம் கிடைத்தது. டொனேஷன் இல்லை, சிபாரிசு இல்லை.

சின்னப்பராஜ் அன்றைக்கே அக்கா வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் லட்டுக் கூடையோடு நின்றார். மிக்கேலம்மாள் வெளியே வரும்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்? எம் பொண்டாட்டி நெலத்தை வித்து டொனேசன் கட்டிரலாம்னு ஒத்தக்கால்ல நின்னா. நான்தான் முடியவே முடியாதுன்னேன். படிச்சு வரட்டும், என் பொண்ணால முடியும்னு எனக்குத் தெரியும்னேன்."

அவள் கூட்டத்துக்குள் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நெலத்தை விக்கப்போனவரு இவரு. இவங்க அக்கா மவனுக்குச் சீட்டு வாங்க. அரூர் ஆபீசுல மாட்டேன்னு சொன்னவ நான். சந்தேகம் இருந்தா அரூர்ல முனிராஜுன்னு ஒருத்தர் இருக்காரு, போய்க் கேளுங்க."

லட்டைக் கடித்திருந்தவர்கள் மெல்லாமல் நின்றார்கள். ராஜமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கவாட்டில் நழுவினாள்.

மகளை ரயிலேற்ற மூவரும் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஞானமேரி ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட பேசும்மா" என்றாள்.

"சோறு போடறேன், கேட்டதுக்குப் பதில் சொல்றேன். அதுக்கு மேல கேக்காத. நீ போயி ஒழுங்கா படி."

ரயில் போனது. சின்னப்பராஜ் ரெண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை நீட்டினார்.

"ஊரு முன்னால என்னைய அப்படிச் சொல்லியிருக்க வேணாம்" என்றார்.

"உங்களுக்கு அந்த வலிதான் தெரியுதுங்களா?"

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். பிறகு, "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் கோவமா இருப்ப?" என்றார்.

"தெரியலைங்க" என்றாள் மிக்கேலம்மாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. டீயைக் குடித்து, டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவருக்காக நிற்காமல் ஊருக்குப் போகிற ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள்.