பெரிய ற

அலுவலகக் கடிதங்களை இப்போது ஏஐதான் எழுதித் தருகிறது; பழைய கடிதங்களைப் படித்துப் பழகியதாம். முதல் கடிதத்திலேயே 'பொருப்பு' என்று எழுதியிருந்தது. அவள் திரையருகே குனிந்து மறுபடி படித்தாள். இதே பிரிவில் வேலை பார்த்து, போன வருஷம் இறந்துபோன அவள் கணவர் கடைசிவரை விடாத பிழை அது.

"பெரிய ற போடுங்கன்னா கேக்கவே மாட்டீங்களா?" என்று பழக்கதோஷத்தில் முணுமுணுத்தபடி திருத்தினாள். அடுத்த கடிதத்திலும் அவர் வந்தார். மறுபடி திருத்தினாள்.

"யார்கூடக்கா சண்டை?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. "ரெண்டு தடவை திருத்தினா அதுவே கத்துக்கும்."

மூன்றாவது கடிதத்தில் 'பொறுப்பு' சரியாக இருந்தது. இருபது வருஷம் திருந்தாத மனுஷர், ஒரே காலையில் திருந்திப் போய்விட்டார்.

அவள் அவசரமாக 'று'வை அழித்து 'ரு' போட்டாள். அடுத்த கடிதத்துக்காகக் காத்திருந்தாள்.