உள்பக்கத் தையல்

ராஜபாண்டியை ஒரு நாள் அடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. நாகஜோதியைக் கட்டிய அன்றைக்கே, பந்தியில் ரசத்தைச் சிந்தினான் என்று பரிமாறியவனைப் பளார் என்று அறைந்த மாப்பிள்ளை அவன். அப்போதே என் கை துறுதுறுத்தது. நாகஜோதியும் நானும் அஜீஸுன்னிசாவும் ஒரே பனியன் கம்பெனியில், ஒரே மேசையில் செக்கிங் பார்த்தவர்கள். ஒருத்தி சிரித்தால் மூன்று பேருக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

நான் திருப்பூரை விட்டுச் சேலத்துக்குப் போய்க் குழந்தைத் துணிக்கடை வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கடைக்கு வேண்டிய ஜப்லாவும் கவுனும் பல ஊர்களில் பெண்கள் வீட்டிலிருந்தே தைத்து அனுப்புகிறார்கள். அதில் ஒருத்தி அபிராமி, இந்த ராஜபாண்டியின் தங்கை, எங்கள் பனியன் கம்பெனியிலேயே தையலில் இருந்தவள். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒருவனை, வேறு சாதிக்காரனை, அவள் போன வருஷம் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்த வாரமே ராஜபாண்டி இரும்புக் குழாயோடு அந்தப் பையன் வீட்டுக்குப் போய், அவனுடைய அப்பாவின் முழங்காலை உடைத்தான். ஜாமீனில் வெளியே வந்ததும், ரெண்டு பேரையும் ஒரே குழியில் போடுவேன் என்று தெருவில் நின்று கத்தினான். சும்மா கத்துகிற ஆள் இல்லை அவன். அபிராமி கிழிந்த உதட்டோடு என் கடை வாசலில் வந்து நின்றாள். வீடு பார்த்து, மெஷின் வாங்கிப் போட்டு, இருவரையும் குடிவைத்தது நான். இதை ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை, அஜீஸிடம்கூட.

அப்படியிருக்க திருப்பூருக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். நாகஜோதி போன் செய்து, “சனி ஞாயிறு வாடி, மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு எத்தன நாளாச்சு” என்றாள். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அவர்களைப் பார்க்க ஆசையாக இருந்தது. கிளம்புகிற அவசரத்தில் நாகஜோதியின் குழந்தைக்கென்று கடை மூட்டையின் மேலாக இருந்த ஒரு கவுனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அஜீஸ் வீட்டில் நன்றாகத்தான் போயிற்று. பழைய சூப்பர்வைசரைப் போல அவள் நடந்து காட்ட, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நாகஜோதி எப்படி இருக்கிறாள் என்று கேட்டதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“நீயே வந்து பாரு புள்ள. நான் சொல்றதுக்கில்ல.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஜீஸின் ஸ்கூட்டரில் போனோம். ஒரே வரிசையில் எட்டு ஒன்பது குடித்தனம் இருக்கிற லைன் வீடு அது. நாகஜோதி தலைமுடியை இடது பக்கமாக இழுத்துவிட்டுக் காதை மூடியிருந்தாள். முடியை ஒதுக்கிப் பார்த்தேன். தோடு இல்லை. காது மடல் ரெண்டாகக் கிழிந்து, தையல் போட்டு ஆறியிருந்தது.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்டி.”

“எந்தக் கதவு? அதுக்குப் பேரு ராஜபாண்டியா?”

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தங்கச்சி ஓடியதற்கு நீதான் துணை என்று குடித்தபோதெல்லாம் அடிக்கிறான் என்பதை அடுப்படியில் வைத்து வாய்க்குள்ளேயே சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் முன்அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். “வா சித்ரா, நல்லா இருக்கியா? கடையெல்லாம் நல்லா ஓடுதா?” என்று என்னை மரியாதையாக விசாரித்தவன்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

கறி கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கியது. முன்அறைக்கு வந்து உட்கார்ந்ததும் நான் கவுனை எடுத்து நாகஜோதியிடம் கொடுத்தேன்.

திருப்பூரில் வேலை பார்த்தவர்கள் ஒரு துணியைத் தொட்டால் முதலில் அதன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் தையலைத்தான் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் அடுத்தவள் போட்டிருக்கிற ரவிக்கையைக்கூட விடமாட்டோம். நாகஜோதியும் பேசிக்கொண்டே கவுனைத் திருப்பினாள். அக்குளில் தையல் முடிகிற இடத்தில் அவள் விரல் நின்றது.

ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் தைத்தால், முடிகிற இடத்தில் நூல் வால் மாதிரி நீண்டு நிற்கும். எல்லோரும் அதைக் கத்தரித்து விடுவார்கள். அபிராமி மட்டும் அதை மடித்துத் தையலுக்குள்ளேயே செருகிவிடுவாள். நேரம் போகிறது என்று கம்பெனியில் எத்தனையோ தடவை திட்டு வாங்கினாள், ஆனாலும் விடவில்லை. ஒரு வருஷமாக அவள் தைத்ததை ஊர் பேர் தெரியாதவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தேன். யார் கண்ணிலும் படவில்லை. போயும் போயும் இந்த வீட்டுக்கு அதை நானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

நாகஜோதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினேன். அவள் கவுனைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அவசரம் அவன் கண்ணில் பட்டுவிட்டது.

“என்னடி, பிடிக்கலையா? இங்க கொண்டா பாப்போம்.”

அபிராமிக்கு மெஷினில் உட்காரக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். அவனும் கவுனைத் திருப்பினான்.

எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டான். டிவி சத்தத்தைக் கூட்டினான். திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தான். நான் அலமாரியில் மோதி விழுந்தேன்.

“எங்கடி வச்சிருக்க அவள?”

“ஏனுங்ணா, பொம்பளப்புள்ள மேல கை வெக்கறீங்களே!” என்று அஜீஸ் நடுவில் பாய்ந்தாள். அவள் வயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டு விழுந்து, மூச்சுக்குத் திணறினாள். நான் எழுந்து அவன் முன்கையைக் கடித்தேன். உப்பும் ரத்தமும் வாயில் கரிக்கிற வரைக்கும் விடவில்லை. என் முடியைப் பிடித்துச் சுவரில் ரெண்டு தடவை மோதினான். வெளியே வரிசையாகக் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அலறல் கேட்பது அக்கம்பக்கத்தாருக்குப் புதிதில்லை.

என் விரலைப் பிடித்து அழுத்தி என் போனைத் திறந்தான். அபிராமி என்ற பெயரைத் தேடினான். அந்தப் பெயரில் நம்பரைப் போட்டுவைக்க நான் என்ன முட்டாளா? கிடைக்காத ஆத்திரத்தில் போனைத் தரையில் அடித்து உடைத்தான். பிறகு என் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தான். அது முறிந்த சத்தம் டிவி சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அப்போதுதான் நாகஜோதி என் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லிருடி. உன் காலுல விழுறேன், சொல்லிரு. இவரு சொல்லித்தான் உன்னையக் கூப்பிட்டேன். உன்னோட வாயிலருந்து எதாவது வருமான்னு பாக்கச் சொன்னாரு.”

“அவளக் கொன்னுருவான்டி!”

“அவ ஒரு நாள் சாவா. நான் தெனமும் சாவுறேன்ல?”

அந்த நிமிஷத்தில் ராஜபாண்டியைவிட அவள் மேல்தான் எனக்கு வெறி வந்தது. துப்ப வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் கிழிந்த காது என் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

அவன் நூல் பிசிர் வெட்டுகிற கத்தரியை எடுத்தான். என் அடுத்த விரலை அதன் வாய்க்குள் வைத்து அழுத்தினான். தோல் அறுந்து, கத்தரி எலும்பில் போய் நின்றது. ஊருக்கெல்லாம் வீறாப்புப் பேசுகிறவள் நான். ஆனால் அந்த வலியில் எனக்கு அபிராமியும் இல்லை, யாரும் இல்லை. விட்டால் போதும் என்று மட்டும்தான் இருந்தது.

“சொல்றேன், விடு, சொல்றேன்” என்று அலறினேன். ஊர் பேரின் முதல் எழுத்து வாயை விட்டு வந்தேவிட்டது.

மண்டையில் ஏதோ விழுந்த சத்தம். ஆனால் அடி என் மேல் விழவில்லை. ராஜபாண்டி என் மேல் சரிந்து, உருண்டான். நாகஜோதி இஸ்திரிப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் முனகியபடி அவள் கால் பக்கம் கையை நீட்டினான். அந்தக் கையின் மேல் ஓங்கிப் போட்டாள். மறுபடியும் போட்டாள். இன்னும் ஒரு தடவை ஓங்கியபோது அஜீஸ் தவழ்ந்துவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“போதும் புள்ள, செத்துருவான், போதும்!”

நாகஜோதி பெட்டியைப் போட்டுவிட்டு என்மேல் பாய்ந்து, என் வாயைப் பொத்தினாள்.

“சொல்லாதடி! என் காதுல விழுந்துச்சுன்னா, நாளைக்கு இவரு அடிக்கிற அடியில நான் சொல்லிப்புடுவேன். சொல்லாத!”

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் துப்ப நினைத்த முகம் அது.

அவன் மூச்சுவிட்டுக்கொண்டுதான் கிடந்தான். எழுந்திருக்க முடியவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்கள் என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாகஜோதி எங்களோடு வந்துவிட்டாள். அவள் சேலையெல்லாம் ரத்தம். அஜீஸ் தன் புர்காவைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள். தெருமுனையில் ஆட்டோ பிடித்தோம். என் கையைச் சுற்றியிருந்த துண்டு நனைந்துகொண்டே வந்தது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அஜீஸ், “எங்கூட்டுக்கு வா கண்ணு, நான் பாத்துக்கறேன்” என்றாள்.

“மொதல்ல உன் வீட்டுக்குத்தான் வருவாரு.”

“அப்ப என்னோட வா” என்றேன்.

“உன்னோட வந்தா அபிராமி இருக்கிற எடம் எனக்குத் தெரிஞ்சுபோகும். வேணாம்டி.” குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “என்னையும் தேடுவாரு. நேரா உங்ககிட்டதான் வருவாரு. ரெண்டு பேரும் திரும்பிக்கங்க.”

கத்தரிக்கு முன்னால் என் வாய் எவ்வளவு நேரம் தாங்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நானும் அஜீஸும் கழிவறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். பின்னால் ஒவ்வொரு பஸ்ஸாகக் கண்டக்டர்கள் ஊர் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்கள். நான் ரத்தக் கையையும் நல்ல கையையும் தூக்கி, இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.