பாலத்தில் மாறிய தோள்

உம்மாவின் உடலைச் சுற்றிய கஃபன் துணியின் கடைசி முடிச்சை நஃபீஸா போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அமார் மாமா கனைத்தார். உடலைச் சுமந்துபோகும் சந்தூக்கு வந்துவிட்டது.

உம்மா கண்மூடியது நேற்றுச் சாயங்காலம். அப்போதிருந்து நஃபீஸா தூங்கவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய மூடுபனி ஜன்னல் வழியே வந்து உம்மாவின் கால்மாட்டில் நின்றது. எது துணி, எது பனி என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இப்போது எழுந்தால் முதலில் காபி கேட்பாள், அப்புறம் யாரையாவது திட்டுவாள்.

இருபது வயதில் கறுப்புப் போர்வைக்குள் மருந்தை ஒளித்து, பாலத்தில் நின்ற பிரெஞ்சுச் சிப்பாய்களைக் கடந்து, மலையிலிருந்த போராளிகளுக்குக் கொண்டுபோனவள் உம்மா. யாராவது தடுத்தால் பிரசவ வலி என்று கத்துவாளாம். நாடு விடுதலையான அன்று ஊர்வலத்தில் ஆண்கள் முன்னால் போனார்கள். அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சொன்னவர்களில் தம்பி அமாரும் ஒருவர். உம்மா முன்வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள்.

“மாமா, நானும் அடக்கத்துக்கு மையவாடிக்கு வர்றேன்.”

“மய்யித்தோட பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்லம்மா. வெள்ளிக்கிழமை போய்க்கோ.”

“உம்மா என்னைத்தான் கூட வரச் சொன்னாங்க. நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க.”

“உங்க உம்மா உயிரோட இருந்தப்பவே என் பேச்சைக் கேட்டதில்ல. இப்பவும் ஊர் வாயை நான்தான் அடைக்கணுமா?”

“அடைக்க வேணாம் அமாரு,” என்றாள் மய்யித்தைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டு கத்தூஜா. “ஊர் வாய்ல பாதி எங்களோடதுதான்.”

மாமா வாசல் பக்கம் திரும்பி சந்தூக்கைத் தூக்கச் சொன்னார்.

வாசற்படியில் பெண்கள் நின்றுவிட்டார்கள். நஃபீஸா நிற்கவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் சந்தூக்கின் பின்னால் நடந்தாள். பின்னால் கத்தூஜா குலவை எழுப்பினாள். போர்க்காலத்தில் மலையில் உயிர்விட்ட போராளிகளுக்கு எழுப்பிய அதே குலவை. மேல்மாடிகளிலிருந்தும் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். முகங்கள் பனியில் தெரியவில்லை, குரல்கள் மட்டும் சந்து முழுக்க மிதந்து வந்தன.

சுமப்பவர்கள் வழியெல்லாம் தோள் மாற்றிக்கொண்டே போவார்கள். பின்னாலிருந்து யார் வந்து தோள் கொடுத்தாலும் முன்னவர் விலகிக்கொள்வார். யாரென்று பார்ப்பதில்லை, மறுப்பதும் இல்லை. தொங்கு பாலத்தின் நடுவில் பின்பக்கத்து ஆள் விலகியபோது நஃபீஸா தோளைக் கொடுத்தாள்.

யாரோ சொன்னதும் முன்னால் போனவர்கள் நின்றார்கள். மாமா திரும்பி வந்தார். விடு என்று சொன்னால் விடக்கூடாது என்று அவள் சந்தூக்கின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமா அவளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். பிறகு அவளுக்கு இணையாக நின்றவரை விலக்கிவிட்டு, அந்தப் பக்கத்தைத் தன் தோளில் வாங்கினார்.

“குனியாதே,” என்றார். “அக்கா ஒரு பக்கமா சாயுது பாரு.”

அவள் நிமிர்ந்தாள். பாலம் மெல்ல ஆடியது. கீழே ஆறு தெரியவில்லை, ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.