காய்ச்சிய கிணறு

ஒரு கிணற்றை அடிமுதல் விளிம்புவரை கொதிக்க வைத்த மனிதன் இந்தக் கன்னியாகுமரி ஜில்லாவில் நான் ஒருவன்தான். எழும்பிய ஆவியில் மேலே பறந்த கொக்குகள் வெந்து விழுந்தன. அந்தத் தண்ணீரை மட்டும் ஆற்றில் திருப்பி விட்டிருந்தால், திற்பரப்பு அருவியில் சீசன் முடியும்வரை சனங்கள் வெந்நீரில் குளித்திருப்பார்கள்.

கருங்கல் சந்தைப் பக்கத்து டீக்கடையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற முத்துநாயகம் நான். நிற்க இடமில்லாத வண்டியில் ‘உள்ளே காலியாத்தான் கிடக்கு, ஏறுங்க’ என்று சொல்லிப் பழகிய வாய் இது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.

கிணறு என்னுடையதல்ல, அடுத்த வீட்டு ராஜையனுடையது. ரப்பர் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். நான் சொல்லும் எதையும் நம்பாதவர். விடிந்துவிட்டது என்று நான் சொன்னால், முற்றத்துக்கு வந்து கிழக்கே பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

அந்த ஐப்பசி மழை நிற்கிற மழையாக இல்லை. பஞ்சாயத்துக் குழாய் எங்கேயோ உடைந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் ராஜையன் கிணறுதான் கதி என்றாயிற்று. அந்தக் கிணற்றிலோ இடவழிச் சந்தில் ஓடிய தண்ணீர் முழுக்க இறங்கிக் கிடந்தது. மேட்டு வீட்டுக் கக்கூஸ் குழியும் நிரம்பி வழிந்தது. வழிந்தது மேட்டுக்கா ஏறும்? கொஞ்ச நாளில் அந்த வீட்டுப் பையன் ஸ்மைலின், கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து ராஜையனின் இளைய மகள் ஜெஸ்மி ஏழு மாத வயிற்றோடு வந்து இறங்கினாள். அவளுடைய அம்மா மஸ்கட்டில் இருக்கும் மூத்த மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கர்ப்பிணிக்கு மஞ்சள் காமாலை வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, நன்றாகக் கொதித்த வெள்ளம் தவிர ஒரு சொட்டு குடிக்கக் கூடாது என்று நெய்யூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ராஜையன் வாளியைத் தூக்கிக் காட்டினார். “கண்ணாடி மாதிரி கிடக்கு, பாரும். எனக்க அப்பன் குடிச்ச வெள்ளமாக்கும் இது.”

“உம்ம அப்பன் குடிக்கும்போ மேல கக்கூஸ் இருந்துதா வேய்?” என்றேன்.

என் மனைவி சண்முகவடிவு இடையில் புகுந்தாள். “அண்ணாச்சிக்கு அடுப்பு மூட்டவே அறியாது. அந்தப் பிள்ளைக்கு நாம காய்ச்சிக் குடுப்போம்.”

அவள் ‘நாம’ என்று சொன்னால் அது நான்.

பின்வாசலில் கல்லடுப்புக் கூட்டினேன். ரப்பர் விறகு ஊறிக் கிடந்தது. ஊதி ஊதி என் நுரையீரல் தென்னைமரம் உயரத்துக்கு நீண்டுவிட்டது. ஜெஸ்மி குடிக்க, வாய் கொப்பளிக்க, பழம் கழுவ என்று எல்லாவற்றுக்கும் காய்ச்சிய வெள்ளம்தான். விடிந்தால் கிணற்றில் வெள்ளம் கோர வேண்டும், சுமக்க வேண்டும், ஊத வேண்டும். அண்டா பொங்கி மறியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூடி வைத்து ஆறிய பிறகு மதிலைச் சுற்றிக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஆறுவதற்குள் அவள் கேட்டுவிடுவாள். கேட்டதும் ராஜையன் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டுவார், சூட்டோடு கொடுத்துவிடுவேன். மறுபடி அண்டா காலி. மறுபடி மழை. தோள் இரண்டும் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டது. சாயங்காலம் டீக்கடைக்குப் போனால் கூட்டிச் சொல்லக்கூடத் தெம்பில்லாமல், மழை பெய்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். “அண்ணாச்சிக்குச் சுகமில்லையா?” என்று கடைக்காரன் கேட்டான்.

கொதிக்கும்போது ஒரு பிடி பதிமுகக் கட்டை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். செம்பருத்திச் சாறு போல வெள்ளம் சிவந்து வரும். அந்தச் சிவப்பைக் கண்டால் காய்ச்சியது என்று யாரும் கேள்வி கேட்காமல் குடிப்பார்கள்.

ஒரு நாள் ஜெஸ்மியைப் பார்க்கப் போனேன். மேசைமேல் ஜக்கில் இருந்த வெள்ளம் வெளிறிப் போயிருந்தது. ரோஜாப் பூவைக் காட்டிவிட்டு எடுத்ததுபோல ஒரு நிறம்.

“வேய், இது நான் தந்த நிறம் இல்லையே?”

“உம்ம கட்டை பழசா இருக்கும்,” என்றார் ராஜையன்.

“இன்னைக்குப் புதுசாக்கும் போட்டேன். வேற வெள்ளம் கலந்தேரா?”

“ஒண்ணும் கலக்கல்ல. அல்ல, நீரு காய்ச்சினதை யாரு கண்டா? விறகு ஊறிக் கிடக்கு. லேசா சூடு காட்டி, நிறம் ஏத்திக் கொண்டு வந்து, கிணத்தையே காய்ச்சினேன்னு சொல்லுவேரு.”

“ஓய், கொக்கு வெந்து விழுந்துது!”

“அதைத்தான் நானும் சொல்லுகேன்.”

ஜெஸ்மி சிரித்துவிட்டாள். எனக்குச் சண்டை போட வாயில் ஈரமில்லை. மறுநாள் இரண்டு பிடி கட்டை போட்டேன். அதைக் கொண்டு போய்க் கொடுப்பதற்குள், ஜெஸ்மி வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கிறாள் என்று ராஜையன் மதிலுக்கு மேலே கத்தினார்.

ஆட்டோவில் நெய்யூருக்குப் போகும்வரை அவர் மகளின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் ஏறுகிறதா என்று பார்க்கிறார் என எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பெஞ்சில் ரத்தப் பரிசோதனை முடியக் காத்திருந்தோம். கண்ணை மூடினால் புகைதான் தெரிந்தது.

டாக்டர் அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“இப்போ காமாலை இல்லை. குழந்தைக்கும் நெஞ்சுத் துடிப்பு நல்லா இருக்கு. ஆனா காமாலை வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். அழுக்குத் தண்ணி உள்ள போயிருந்தா மறுபடியும் டெஸ்ட் எடுக்கணும், கவனமாப் பாத்துக்கணும். அதனால கேக்கிறேன். குடிச்சது நல்லாக் கொதிச்ச தண்ணிதானா?”

“ஒரு கிணற்றையே காய்ச்சினேன் டாக்டர்,” என்றேன். அது தவிர வேறு வாக்கியம் என் வாயில் வரவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பெரியவரே, விளையாடாம சொல்லுங்க. கொதிச்சுதா, சும்மா சூடு பண்ணினீங்களா?”

உள்ளதைச் சொல்லி ஒருவரை நம்ப வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வேலை எனக்குப் பழக்கமில்லை. ஜெஸ்மி கட்டிலில் இருந்து அப்பாவைப் பார்த்தாள்.

ராஜையன் தொண்டையைச் செருமினார்.

“டாக்டரே, இவரு வாயில வாறது பாதியும் பொய்யாக்கும். அந்தப் பொய்யைக் கையோட பிடிக்கணும்னு நான் தினமும் மதிலுக்கு மேல எட்டிப் பாத்தேன். ஒரு நாளும் அகப்படல்ல. பொங்கி மறியும்வரை அடுப்புப் பக்கத்துலயே நிப்பாரு.” மகளின் பக்கம் திரும்பாமலே மீதியையும் சொன்னார். “பிள்ளைக்கு வாய் பொள்ளுமேன்னு அதுல பச்சை வெள்ளம் கோரி ஊத்தி ஆற வச்சது நானாக்கும். கொதிச்சது பச்சையைக் கொன்னு போடும்னு நினைச்சேன்.”

“எவ்வளவு நாளா?”

“வந்த நாள் முதலா.”

டாக்டர் எழுதத் தொடங்கினார். ஜெஸ்மி முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அப்போ இவர் காய்ச்சினது உண்மைதான்?” என்று டாக்டர் தலை நிமிராமல் கேட்டார்.

“நேருதான்,” என்றார் ராஜையன். “காய்ச்சினது ஒரு கிணறு உண்டும்.”